ஆசு மூன்று

ஒரு சொல் பல பொருள் உணர்த்துவது தமிழிற் புதுமையன்று. ஆயினும், ஒரு சொல்லின் மூன்று பொருள்களும் ஒரே மாலைப்பொழுதில், ஒரே கூரையின்கீழ், ஒருவன் கண்முன்னே வரிசையாக வந்து நிற்குமாயின் அதனை அவன் எளிதில் மறத்தல் இயலாது. அச்சொல் 'ஆசு' என்பது. ஆசு என்றாற் குற்றம். ஆசு என்றால் விரைவு. ஆசு என்றாற் பற்றாசு, அஃதாவது பொற்கொல்லர் இரு துண்டுகளை ஒன்றாக்குதற்கு இடையிலே உருக்கி இடும் பொருள். முதலாவதற்கு 'ஆசற' என்னும் வழக்கையும், இரண்டாவதற்கு 'ஆசுகவி' என்பதையும், மூன்றாவதற்கு 'ஆசிடை நேரிசை வெண்பா' என்னும் யாப்புக் குறியீட்டையும் வகுப்பிலே எடுத்துக்காட்டுவது என் வழக்கம். முப்பது ஆண்டுகளாக அவற்றைச் சொல்லாலே காட்டிவந்த எனக்கு அவற்றைப் பொருளாலே காட்டித் தந்த இடம், கிளிவெட்டியில் தெருவோரத்து வெல்டிங் கடை ஒன்று.

கிளிவெட்டி, மூதூருக்குத் தெற்கே வயல் சூழ்ந்த ஊர். திருகோணமலைத் துறைமுகத்தின் பெருமையை உலகம் அறியும். அதனை அடுத்துக் கிடக்கும் கொட்டியாரக் குடாவின் தெற்கே, மகாவலி கங்கை கிளைபிரிந்து கடலை நாடும் தாழ்நிலத்தில், நெல்லை நம்பி வாழும் ஊர்களை உலகம் அவ்வளவாக அறிவதில்லை. இவ்வூர்களில் மாசி மாதம் பெரும்போக அறுவடைக் காலம். முன்னாளில் அரிவாளும் சூடடிக்கும் எருமைகளும் பல நாள் செய்த வேலையை இந்நாளில் அறுவடை இயந்திரம் ஒன்று சில மணி நேரத்திற் செய்து முடிக்கின்றது. வெட்டுதல், அடித்தல், தூற்றுதல் ஆகிய மூன்றையும் தானே செய்து, நெல்லைத் தன் தொட்டியில் நிரப்பிக்கொள்ளும். ஆனால் இயந்திரம் ஒன்று, வயல் பல. ஆதலின் வயற்காரர் யாவரும் முறைவைத்துக் காத்திருப்பர். கடைசி முறைகளில் ஒன்று என்னுடையது. எனக்குள்ளது இரண்டு ஏக்கர்.

சென்ற மாசியில் ஒரு நாட் பிற்பகல். வடகீழ்த் திசையிலே கருமுகில் திரண்டிருந்தது. மாரி ஓய்ந்துவிட்டது என்று நாம் எண்ணியிருக்கும் வேளையில் இவ்வாறு ஒரு மழை வந்து விளைந்த கதிரை நிலத்தோடு சாய்த்துவிடுவது எங்கள் பகுதிக்குப் புதிதன்று. அவ்வேளை பார்த்து அறுவடை இயந்திரத்தின் நெற்றொட்டியில் அடித்தகடு ஒரு சாணளவு வெடித்து, நெல் ஒழுகத் தொடங்கிற்று. ஓட்டுநர் அதனை வயலிலிருந்து தெருவுக்கு ஏற்றி வெல்டிங் கடை வாயிலில் நிறுத்தினார். செய்தி கேட்டு யானும் விரைந்தேன். எனக்கு முன்னரே அங்கே ஐந்தாறு வயற்காரர் கூடி நின்று வானத்தையும் கடையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தனர்.

கடைக்காரர் என் பழைய மாணாக்கர். 2006ஆம் ஆண்டுப் போரிலே சம்பூர்ப் பகுதியிலிருந்து இடம்பெயர்ந்த மக்களுள் ஒருவராகச் சிறு பிராயத்திலே பெற்றோருடன் புறப்பட்டவர். அம்மக்களுட் பலர் மட்டக்களப்புக்குச் சென்று, பின்னர்க் கிளிவெட்டியில் அமைந்த முகாமிலே ஆண்டுக்கணக்காக வாழ்ந்ததை இப்பகுதியார் யாவரும் அறிவர். 2015ஆம் ஆண்டிலே சம்பூர் நிலங்கள் மீளக் கையளிக்கப்படத் தொடங்கின. அவருடைய பெற்றோர் திரும்பிச் சென்றனர். அவரோ தொழில் கற்ற ஊரிலேயே கடையிட்டு நிலைத்தார். வகுப்பிலே அவர் முன்வரிசை மாணாக்கர் அல்லர். வெண்பாவுக்குத் தளை பார்க்கச் சொன்னால் யன்னலுக்கு வெளியே பார்ப்பார். 'இவர் என்ன செய்து பிழைக்கப்போகிறார்' என்று யான் எண்ணியதுண்டு. வாய்விட்டுச் சொல்லியதும் உண்டு.

வெடித்த தகட்டை அவர் விரலால் தடவிப் பார்த்தார். தடித்த இரும்பாயிருந்தால், பூச்சுப் பூசிய கோலைக் கவ்வியிற் பிடித்து ஒட்டும் பழைய முறையே போதும். அதற்குரிய பெட்டியும் கடையில் உண்டு. இத்தகடோ ஒன்றரை மில்லிமீற்றர். கோலின் சூட்டுக்கு அது பொத்துப் போய்விடும். 'மிக்' என வழங்கும் பொறியாலேயே இதனை ஒட்ட வேண்டும் என்றார். அதனை இயக்கிக் கைப்பிடியை எடுத்து விசையை அழுத்தினார். ஒன்றும் நிகழவில்லை. மீண்டும் அழுத்தினார், ஒரு கணம் ஒளி பிறந்து அணைந்தது. மூன்றாம் முறை அழுத்திய விரலை எடுத்த பின்னும் கம்பி நில்லாமல் வெளியே வந்துகொண்டிருந்தது. உடனே பொறியின் தலையாளியை நிறுத்திவிட்டு, "இது சில நாளாக இப்படித்தான், ஐயா. இன்றைக்குக் கழுத்தறுக்கிறது" என்றார்.

இவ்விடத்திற் பொறியின் இயல்பைச் சிறிது கூறுதல் வேண்டும். மின்வில்லின் சூட்டால் உலோகத்தை ஒட்டும் முயற்சி 1880களிலே உருசிய நாட்டைச் சேர்ந்த பெனார்தோசு என்பவரால் கரிக்கோல் கொண்டு செய்யப்பட்டது. பின்னர் உலோகக் கோலும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே சுவீடன் நாட்டுச் செல்பெரி என்பவரின் பூச்சுக் கோலும் வந்தன. கோலுக்கு ஒரு குறை உண்டு. அது தேயத் தேய வேலையை நிறுத்தி வேறு கோல் மாட்ட வேண்டும். இக்குறை நீங்க, சுருளிலிருந்து இடையறாது கம்பியைச் செலுத்தி, அதனைச் சூழ வாயுவைப் பாய்ச்சி ஒட்டும் முறை 1948இல் அமெரிக்காவின் பற்றெல் நினைவு நிறுவனத்திலே உருவாயிற்று. இலங்கை விடுதலை பெற்ற ஆண்டும் அதுவே. தொடக்கத்தில் அது அலுமினியத்துக்குப் பயன்பட்டது. 1953இல் சோவியத்து நாட்டார் காபனீரொட்சைட்டு வாயுவை இதற்குப் பயன்படுத்தினர்; அதனால் இரும்பு வேலைக்கு இம்முறை மலிவாயிற்று. அந்தப் பத்தாண்டின் இறுதியில், குறைந்த சூட்டில் மெல்லிய தகட்டை ஒட்டும் வழியும் கைகூடியது. 'மிக்' என்பது உலோகம், சடத்துவ வாயு என்னும் பொருள் தரும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துக் கூட்டு. காபனீரொட்சைட்டு சடத்துவ வாயுவன்று. ஆதலின் நுணுகி நோக்கின் இப்பெயர் எங்கள் கடைப் பொறிக்குப் பொருந்தாது. ஆயினும் பெயர் நிலைத்துவிட்டது. சொல்லாராய்ச்சி செய்வாருக்கு இஃது ஒன்றும் வியப்பன்று.

இப்பொறியின் கைப்பிடியைத் துப்பாக்கி என்று அழைப்பார் பலர். வளைந்த கழுத்தும் விரலால் அழுத்தும் விசையும் கொண்ட வடிவம் அதற்குக் காரணம். எங்கள் நாட்டு வழக்கிலே துப்பாக்கிக்குத் 'துவக்கு' என்று பெயர். துப்பாக்கி, துவக்கு ஆகிய இரண்டும் துருக்கியச் சொல்லின் வழிவந்தவை என்பர். தமிழிலோ துவக்கு என்பதற்குத் தொடக்கம் என்னும் பொருளும் உண்டு. இவ்விரண்டு துவக்குகளுக்கும் பிறப்பால் உறவில்லை. கொட்டியாரத்து மக்கள் முதற்றுவக்கைப் போதுமான அளவு அறிந்தவர்கள். இக்கடையிலே தொங்குவது மற்றொரு வகை. சுடும், ஆனாற் பிரிப்பதற்கன்று, பொருத்துவதற்கு.

கைப்பிடியிலிருந்து பொறிக்குச் செல்லும் தடித்த குழாய்க்குள்ளே நான்கு வழிகள் உள்ளன. ஒன்றிற் கம்பி வரும். எங்கள் கடையிற் பயன்படுவது 0.8 மில்லிமீற்றர்க் கம்பி. ஒன்றில் வாயு வரும். தடித்த செப்பு நார்களிலே ஒட்டுவதற்குரிய மின்னோட்டம் வரும்; அஃது ஐம்பது முதல் இருநூறு அம்பியர் வரையிற் செல்லவல்லது. நான்காவது, மயிர்போன்ற இரண்டு மெல்லிய கம்பிகள். இவை விசையின்கீழ் இருக்கும் சிறிய ஆளியிற் சென்று முடிகின்றன. இவற்றிலே பாய்வது மிகச் சிறிய ஓட்டம். பல பொறிகளில் 24 வோல்ற்று அளவானது. விரல் அழுத்த, ஆளியின் இரு முனைகள் தொட்டுக்கொள்ளும். அச்செய்தி பொறிக்கு எட்டியவுடன் வாயுவின் வால்வு திறக்கும்; மோட்டர் கம்பியைத் தள்ளும்; மின்னோட்டம் கழுத்தின் நுனிக்கு வரும். விரலை எடுக்க மூன்றும் நிற்கும். சுவிச் என்பதற்கு எங்கள் பாடநூல்கள் 'ஆளி' என்னும் சொல்லை ஆள்கின்றன. ஆள்வது ஆளி. உழுந்தளவு உலோகமுனை இரண்டு, இருநூறு அம்பியரை ஆள்கின்றன. ஆள்வது பழுதுபட்டால் ஆளப்படுவது நிற்காது ஓடும்; அல்லது ஓடாது நிற்கும். இரண்டையுமே நாங்கள் அன்று கண்டோம். இது முதல் ஆசு.

இரண்டாவது ஆசு என்னுடையது. நேரம் 4 மணி கடந்திருந்தது. மூதூர் உதிரிப்பாகக் கடையில் இவ்வகை ஆளி உண்டென்று தொலைபேசியிலே கேட்டறிந்தார்கள். மோட்டார் சைக்கிளிற் போய்வரவும் பூட்டவும் இரண்டு மணி நேரமேனும் செல்லும். அங்கே நின்ற ஒருவர் ஓர் உபாயம் சொன்னார்: ஆளியைக் கழற்றி எறிந்துவிட்டு, அந்த இரண்டு கம்பிகளையும் ஒன்றாக முறுக்கிவிட்டால் வேலை நடக்கும்; வேண்டும்போது பொறியை இயக்கி, வேண்டாதபோது தலையாளியை நிறுத்தினால் ஆயிற்று. எனக்கு அவ்வுபாயம் நன்றாகவே பட்டது. முகில் என் கண்ணில் நின்றது. இரண்டு ஏக்கரும் நெஞ்சில் நின்றன.

"தம்பி, அவர் சொல்வதுபோலச் செய்யுமேன். ஒரு சாண் வெடிப்புத்தானே? பிறகு ஆறுதலாக ஆளியை மாற்றலாம்" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அது மட்டும் செய்யமாட்டேன், ஐயா" என்றார். குரல் தாழ்ந்திருந்தது, சொல் தாழவில்லை. வலக்கைச் சட்டையைச் சிறிது மேலே உயர்த்தினார். முழங்கைக்குக் கீழே ஒரு விரலளவு நீண்ட வடு ஒன்று. தொழில் பழகிய காலத்திலே வேறோர் ஊரில், இவ்வாறு முறுக்கிவிட்ட துவக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். யாரோ பொறியை இயக்கிவிட்டார்கள். கம்பி தானே புறப்பட்டு வந்து இரும்பைத் தொட்டு எரிந்தது. கையை உதறியபோது உருகிய துளி தோலுக்குள் இறங்கிற்று. "விரலை எடுத்தால் நிற்க வேண்டும், ஐயா. அது நிற்காது என்றால் அதைக் கையிற் பிடிக்கக்கூடாது. இந்த மெசினுக்குள்ளே வைக்கோற்றூசி. பக்கத்திலே டீசல் தாங்கி. ஒரு துவக்கு வில் இழுத்தபடியே இருக்குமென்றால் நீங்கள் அதை வீட்டில் வைத்திருப்பீர்களா?" என்றார்.

யான் வாயடைத்து நின்றேன். விரைவு என்னும் ஆசு, குற்றம் என்னும் ஆசாகும் இடம் எது என்று எனக்குத் தெரிந்தது. ஆசுகவி பாடுவோன் விரைந்து பாடலாம். தளை தட்டினால் ஒருவர் கையும் வேகாது. மோட்டார் சைக்கிள் மூதூருக்குப் புறப்பட்டது.

அது திரும்பி வரும்வரை அவர் சும்மா இருக்கவில்லை. பிழை ஆளியிலேயே உள்ளது என்பதை ஐயமறத் தெளிந்த பின்னரே அதனை வெட்டுவேன் என்றார். சென்ற வாரம் நகரத்துக் கடையொன்றிலே கேட்டபோது, கைப்பிடியும் குழாயும் சேர முழுவதையும் மாற்றச் சொன்னார்களாம். அதன் விலை அவருடைய ஒரு மாத உழைப்பை விழுங்கும். ஆளியின் விலையோ இரண்டொரு வேளைச் சோற்றின் விலை. ஆதலின் ஆராய்ச்சி வேண்டியதாயிற்று. அவர் ஆராய்ந்த முறை என்னை வியப்பில் ஆழ்த்திற்று. யாப்பிலே ஓசை பிழைத்த இடத்தைத் தேடுவோன் அடியைச் சீராக்கி, சீரை அசையாக்கிப் பார்ப்பதுபோல, அவர் பொறியைக் கூறு கூறாகப் பிரித்துப் பார்த்தார்.

முதலிலே பொறியின் முகத்திலுள்ள தேர்வுக் குமிழை நோக்கினார். இப்பொறிகளில் இரண்டு நடைகள் உள்ளன. ஒன்றில், அழுத்தும்வரை ஓடும், விட்டால் நிற்கும். மற்றதில், ஒருமுறை அழுத்திவிட்டால் ஓடிக்கொண்டேயிருக்கும். மீண்டும் அழுத்திவிட்டாலே நிற்கும். நீண்ட ஒட்டு வேலைகளில் விரல் களைக்காதிருத்தற்கு இரண்டாவது உதவும். குமிழ் தவறுதலாக இரண்டாம் நடையில் நின்றால் ஆளி இறுகிவிட்டது போலத் தோன்றும். குமிழ் சரியாகவே நின்றது.

அடுத்துப் பொறியை நிறுத்தி, வாயு உருளையை மூடி, கம்பியைத் தள்ளும் உருளைகளின் பிடியைத் தளர்த்தினார். துவக்கின் செருகியைக் கழற்றினார். செருகியின் நடுவிலே பெரிய துளை. அதன் பக்கத்திலே இரண்டு சிறு முனைகள். அச்சிறு முனைகளே ஆளிக்கு உரியவை. எங்களை விலகி நிற்கச் சொல்லிப் பொறியை இயக்கி, காவலிட்ட கம்பித்துண்டு ஒன்றினால் பொறியின் பக்கத்து இரு முனைகளை ஒரு கணம் தொடுத்தார். மோட்டர் சுழன்றது. எடுத்தார், நின்றது. பலமுறை செய்தும் ஒருமுறையும் பிசகவில்லை. "பொறி சுகம். நோய் துவக்கிலேதான்" என்றார். அக்கணத்தில் நடுத்துளை உயிர்பெற்றிருக்கும். அதனைக் கையால் தொடுதல் ஆகாது என்றும் சொல்லிவைத்தார்.

பின்னர்ப் பொறியை மீண்டும் நிறுத்திவிட்டு, பல்மானியின் இரு ஊசிகளைத் துவக்கின் செருகி முனைகளில் வைத்தார். சுற்றுத் தொடர்பாயிருந்தால் அது கீச்சிடும். விசையை அழுத்தியபோது ஒருமுறை கீச்சிட்டது, மூன்றுமுறை ஊமையாயிற்று. இனி, குற்றம் இரண்டு இடங்களில் ஒன்றிலே: ஆளியிலே, அல்லது ஆளிக்கு வரும் மெல்லிய கம்பியிலே. குழாய் கைப்பிடியை விட்டு வெளியேறும் இடத்தில் நாளும் மடிவதனால் கம்பி உள்ளே அறுந்துபோதல் பெருவழக்கு. ஆதலின் விசையை அழுத்தியபடியே குழாயை அவ்விடத்தில் மடித்தும் நிமிர்த்தும் பார்த்தார். ஓசையில் மாற்றமில்லை. ஆளியே குற்றவாளி என்பது ஏறக்குறைய உறுதியாயிற்று.

கைப்பிடியைத் திறக்குமுன் என் தோளைப் பார்த்தார். "ஐயா, சால்வையைத் தருவீர்களா?" என்றார். உள்ளே ஒரு சிறு சுருள்வில் உண்டாம். திறந்தவுடன் பாய்ந்து கரித்தூளுக்குள் மறைந்துவிடுமாம். வெள்ளைத் துணிமேல் வைத்துத் திறந்தால் அகப்படுமாம். சால்வையை விரித்தேன். நான்கு திருகாணிகளையும் கழற்றி, மேலோட்டை எடுக்குமுன் கைத்தொலைபேசியாற் படம் எடுத்துக்கொண்டார். எது எவ்விடம் இருந்தது என்பதற்கு அதுவே சான்று. ஓட்டை எடுத்ததும் வில் பாய்ந்தது. சால்வை அதனை ஏந்திக்கொண்டது.

ஆளி வெளிப்பட்டது. சுண்டுவிரல் நகத்தளவு. பல்மானியை நேரே அதன் கால்களிலே வைத்து அழுத்தினார், ஓசையில்லை. ஐயம் முழுவதும் தீர்ந்தது. அதன் கூட்டை உடைத்துக் காட்டினார். தொடுமுனைகள் கரிந்து கறுத்திருந்தன. அவற்றைப் பிரித்துவைக்கும் மெல்லிய தகடு சூட்டினால் தன் துள்ளலை இழந்து தொய்ந்திருந்தது. உருகித் தெறித்த இரும்பு மணி ஒன்று விசையின் ஓரமாகப் புகுந்து உள்ளே சிக்கியிருந்தது. கரி தடுத்தபோது ஓடாமலும், தகடு தொய்ந்து ஒட்டியபோது நில்லாமலும் அது எங்களை அலைத்திருக்கின்றது. இரண்டு எதிர்மறையான நோய்களுக்குக் காரணம் ஒன்றே.

5 மணியளவிலே மோட்டார் சைக்கிள் வந்தது. புதிய ஆளி பழையதன் நேர்ப்பிரதி அன்று. அளவு ஒத்தது, ஆனால் பழையதற்கு இரண்டு கால்கள், இதற்கு மூன்று. அவர் தயங்கினார். காலருகே பொறித்த எழுத்துக்கள் எறும்பின் காலளவு. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு யான் வாசித்தேன். ஒரு கால், பொது. மற்றொன்று, இயல்பில் திறந்தது. மூன்றாவது, இயல்பில் மூடியது. இங்கே மொழி ஆசிரியன் இடறும் இடம் ஒன்றுண்டு. கதவு திறந்திருந்தால் ஆள் போகலாம், மூடியிருந்தாற் போகவியலாது. மின்சாரத்துக்கோ இது மறுதலை. சுற்றுத் திறந்திருந்தால் ஓட்டம் இல்லை, மூடியிருந்தாலே ஓட்டம். ஏனெனிற் சுற்றென்பது வளையம். வளையம் வாய் மூடினாலே முழுமை பெறும். எங்களுக்கு வேண்டியது அழுத்தாதபோது ஓடாதது. ஆகவே பொதுக்காலும், இயல்பில் திறந்த காலும். மூன்றாவதிலே தொடுத்திருந்தால், விரலை எடுத்தபோது பொறி ஓடி, அழுத்தியபோது நின்றிருக்கும். அவர் பல்மானியால் என் வாசிப்பைச் சரிபார்த்த பின்னரே ஏற்றுக்கொண்டார். ஆசிரியன் சொல்லையும் அளந்து பார்க்கும் மாணாக்கரை அன்று யான் மனத்துள் வாழ்த்தினேன். இரண்டு கம்பிகளில் எதனை எக்காலிலே தொடுத்தாலும் வேறுபாடில்லை என்றார். ஆளிக்கு முன்பின் இல்லை.

மூன்றாம் ஆசு இனித்தான் வந்தது. இரு கம்பிகளின் நுனியையும் உரித்து, அவற்றிலே சுருங்கு குழல் இரண்டை முன்னரே கோத்துவிட்டார். பின்னர்க் கோக்கவியலாது, மறந்தால் எல்லாவற்றையும் அவிழ்க்க வேண்டும். பின்பு சூட்டுக்கோலை எடுத்து, நுனியில் ஈயத்தைத் தொட்டார். அது பாதரசம்போல் உருண்டு, கம்பிக்குள் ஊறி, காலைத் தழுவிப் பளிச்சென்று உறைந்தது.

"ஐயா, இதைப் பார்த்திருக்கிறீர்களா? இதுதான் பற்றாசு. நீங்கள்தானே வகுப்பிலே சொல்லித் தந்தீர்கள்" என்றார்.

யான் பார்த்ததில்லை. யாப்பருங்கலக்காரிகைப் பாடத்தில், நேரிசை வெண்பாவின் முதற் குறள் முடியுமிடத்துக்கும் தனிச்சொல்லுக்கும் இடையே ஓசை ஒட்டாதபோது ஓரசையோ ஈரசையோ கூட்டி நிரப்புவதை ஆசு என்பர் என்றும், உலோகங்களைப் பொருத்தும் பற்றாசு போல்வதனால் அப்பெயர் பெற்றது என்றும் எத்தனையோ வகுப்புகளுக்கு உரைத்திருக்கிறேன். உரைத்த வாய் அதன் உருவை அறியாது. யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்த மாணாக்கரோ அச்சொல்லைக் காதிலே வாங்கி வைத்திருக்கிறார். தளை அவருக்குப் பிடிபடவில்லை, ஆசு பிடிபட்டது.

பற்றாசுக்கும் வெல்டிங்குக்கும் உள்ள வேறுபாட்டையும் அவரே விளக்கினார். வெள்ளீயமும் காரீயமும் 63க்கு 37 என்னும் அளவிற் கலந்த பற்றாசு 183 பாகை செல்சியசில் உருகும். இணைக்கப்படும் செம்பு உருகுவதில்லை. இடையிலே வந்தது மட்டும் உருகிப் பிடித்துக்கொள்ளும். வெல்டிங்கிலோ இணைக்கப்படும் இரும்பே 1538 பாகையில் உருகித் தன்னினத்தோடு கலந்துவிடும். பிறகு இரண்டு என்று சொல்ல ஒன்றும் இல்லை. உரைகாரர் உவமை எத்துணை நுட்பமானது என்பது அப்போது எனக்கு விளங்கிற்று. ஆசிட்ட வெண்பாவிலே குறள் குறளாகவே நிற்கும். தனிச்சொல் தனிச்சொல்லாகவே நிற்கும். இடைவெளி மட்டுமே நிரம்பும்.

பற்றாசு பட்ட இடத்திற் கம்பி விறைத்துவிடும். அவ்விடம் மடிந்தால் முறியும். ஆகவே ஒட்டு மடிப்புக்குள் வாராதபடி, ஓட்டின் பள்ளத்திலே கம்பியைப் படியவைத்து, சுருங்கு குழலைச் சூட்டால் இறுக்கி, வில்லைத் தன் இடத்திலே வைத்து, கம்பி ஓடுகளுக்கிடையே நசுங்காமல் பார்த்து மூடினார். மூடியபின் மீண்டும் பல்மானி. பத்துமுறை அழுத்தப் பத்துமுறையும் கீச்சிட்டது, விட்டவுடன் அடங்கிற்று. செருகியைப் பூட்டி, வாயுவைத் திறந்து, கழிவுத் தகடு ஒன்றிலே முதலில் ஒட்டிப் பார்த்தார். விரலை எடுத்தார், நின்றது. அவர் முகத்தில் அப்போதுதான் சிரிப்பு வந்தது.

வெடித்த தகட்டைச் சுற்றி வைக்கோற்றூசியைத் துடைத்து, அருகே ஒரு வாளி தண்ணீர் வைத்து, ஓட்டுநரைக் கொண்டு மின்கலத்தின் இணைப்பையும் கழற்றுவித்து, ஒட்டி முடித்தபோது 6.30 மணி கடந்துவிட்டது. அறுவடை இயந்திரம் விளக்கேற்றிக்கொண்டு வயலில் இறங்கியது. இரவிரவாக ஓடிற்று. எனக்கு முன்முறைக்காரர் நால்வரின் நெல்லும் ஏறிவிட்டது. விடியற்காலம் 4 மணிக்கு என் வயலில் இறங்கி அரை ஏக்கர் வெட்டியபோது மழை கொட்டத் தொடங்கியது. ஒன்றரை ஏக்கர் சாய்ந்தது. நான்கு நாளின்பின் வெயில் வந்து அதனை வெட்டினோம். ஒரு பகுதி முளைவிட்டிருந்தது. விலையும் குறைந்தே போயிற்று.

கணக்குப் பார்ப்பவர் பார்க்கலாம். அன்று கம்பிகளை முறுக்கியிருந்தால் இரண்டு மணி நேரம் மிஞ்சியிருக்கும். என் ஒன்றரை ஏக்கரும் பெரும்பாலும் கரையேறியிருக்கும். கடைக்காரரும் இக்கணக்கைப் பார்த்திருக்கிறார். மழைவிட்ட மறுநாள் என் வீட்டு வாயிலில் வந்து நின்றார். "என்னாலே உங்களுக்கு நட்டம், ஐயா" என்றார். யான் அவர் வலக்கையைப் பிடித்து வடுவைப் பார்த்தேன். இவ்வடுவுக்குப் பக்கத்தில் என் அவசரத்தால் இன்னொன்று வந்திருந்தால் எந்தப் போகத்து நெல் அதனை ஈடுசெய்யும்? "தம்பி, நட்டம் மழையினால். உம்மால் வந்தது வேறு" என்றேன். "அடுத்த கிழமை ஒரு மணி நேரம் கடையைப் பூட்டிவிட்டு வகுப்புக்கு வருவீரா?" என்று கேட்டேன். அவர் விளங்காமல் விழித்தார்.

வந்தார். சூட்டுக்கோலும் ஈயமும் செப்புக்கம்பி இரண்டும் கொண்டுவந்தார். யான் கரும்பலகையிலே ஆசிடை நேரிசை வெண்பாவின் இலக்கணத்தை எழுதினேன். அவர் மேசைமேல் ஆசிட்டுக் காட்டினார். ஈயம் உருண்டு பளிச்சென்று உறைந்தபோது பதினொராந் தர மாணாக்கர் அனைவரும் எழுந்து வந்து மேசையைச் சூழ்ந்தனர். அன்று ஒருவரும் யன்னலுக்கு வெளியே பார்க்கவில்லை.